டிசைன் வேலைக்கு எந்த டெஸ்க்டாப்? ஐமேக், மேக் மினி, விண்டோஸ் டவர், வொர்க்ஸ்டேஷன்: ஓர் ஒப்பீடு

புதுக் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கிய பணத்தில் முக்கால்வாசியைப் பெட்டிக்குக் கொட்டிவிட்டு, மிஞ்சியதில் ஏதோ ஒரு மானிட்டரை வாங்கி வைப்பது டிசைனர்களிடம் சகஜமாக நடக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பெட்டி சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் அடுத்த பெட்டிக்கும் உழைக்கும். பெட்டி மெதுவாக இருந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். மானிட்டர் நிறத்தைத் தவறாகக் காட்டினால், அச்சாகி வந்த அத்தனை பிரதியும் வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் இருக்காது. அதற்கு யார் பணம் கொடுப்பது?

அதனால் மேக்கா விண்டோஸா என்ற வழக்குக்குப் போவதற்கு முன் திரையைப் பேசிவிடலாம். போட்டியில் இருப்பவை நான்கு: திரையும் சேர்ந்தே வரும் ஐமேக், திரை இல்லாத சின்னப் பெட்டியான மேக் மினி (கூடவே அதைவிடப் பெரிய மேக் ஸ்டூடியோ), உதிரிபாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்யும் விண்டோஸ் டவர், டெல் பிரிசிஷன், எச்பி இசட் போன்ற பிராண்டட் வொர்க்ஸ்டேஷன்.

முதலில் திரை

வெப்சைட், ஆப், சமூக ஊடகப் படங்கள் செய்பவருக்கு எஸ்ஆர்ஜிபி (இணையத்தில் வழக்கமான நிற எல்லை) முழுவதையும் காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டர் போதும். அதைவிட அகன்ற பி3 நிற எல்லை இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் விலை உயர்ந்த போன்களின் திரைகள் பி3 நிறங்களைக் காட்டுகின்றன. பேக்கேஜிங், புத்தக அட்டை, கேட்லாக் செய்பவருக்குக் கதை வேறு. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் விழும் சியான் மையின் நிறம் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருக்கிறது. எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் எவ்வளவு முயன்றாலும் அதைப் பார்க்க முடியாது. பி3 எல்லை சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் நீளும். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற எல்லை பச்சை, சியான் பக்கம் நீளும். அச்சுக்காரருக்குப் பின்னதுதான் உதவும். மானிட்டர் விளம்பரத்தில் "99 சதவீதம்" என்று பார்த்தால், எதில் 99 என்று கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் ஐமேக் பின்தங்குகிறது. 2024ல் வந்த, ஆப்பிளின் எம்4 சிப் உள்ள ஐமேக்கின் திரையைக் குறை சொல்ல முடியாது: 4480 x 2520 புள்ளிகள், பி3 நிறம், 500 நிட் (சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா) வெளிச்சம். மேசையில் ஒரே ஒயரோடு அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் 24 அங்குலத்தில் பேனல்களையும் திறந்து வைத்துக்கொண்டு இரட்டைப் பக்க லேஅவுட் செய்வது நெருக்கடி. அதைவிட, அந்தத் திரையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. உள்ளிருக்கும் சிப் பழசானால் திரையும் சேர்ந்து போகும். 2014 வரை வந்த சில ஐமேக்குகளை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கேபிள் போட்டு மானிட்டராக்க முடிந்தது. அதற்கப்புறம் வந்தவற்றில் அந்த வசதி இல்லை. 27 அங்குல ஐமேக்கை ஆப்பிள் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பழைய 27 அங்குலத்தை நம்பி வாழ்ந்த டிசைனர்களுக்கு ஐமேக் இனி பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

மேக் மினிக்கு மானிட்டர் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 27 அங்குலத்தில் 2560 x 1440 உள்ள மானிட்டரை மேக்கோடு இணைத்தால் எழுத்துகள் கொஞ்சம் கலங்கித் தெரியும். எழுத்தின் விளிம்பை மழுப்பிக் காட்டும் பழைய முறையை ஆப்பிள் 2018ல் கைவிட்டதும், நெருக்கமான புள்ளிகள் உள்ள திரைகளை மனதில் வைத்தே மேக்ஓஎஸ் வளர்ந்ததும் காரணம். 27 அங்குல 4கே மானிட்டரில் பிரச்சினை பெரிதும் தீர்ந்துவிடும். 5கே, அதாவது 5120 x 2880 இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் கச்சிதமாக விழும், ஆனால் விலை ஏறும். விண்டோஸில் 2560 x 1440 மானிட்டர் எந்தச் சிக்கலும் இல்லாமல் கூர்மையாகவே தெரியும். மேக் மினி மலிவு என்று வாங்குகிறவர்கள் இந்தக் கூடுதல் மானிட்டர் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிற விஷயத்தில் மேக் பக்கம் ஒரு உண்மையான நன்மை உண்டு. மேக்ஓஎஸ் முழுவதும் வண்ண மேலாண்மை (ஃபைலில் உள்ள நிறத்தைத் திரைக்கேற்ப மாற்றிச் சரியாகக் காட்டுவது) ஒரே சீராக ஓடுகிறது. டெஸ்க்டாப்பில் பார்க்கும் படமும் ஃபோட்டோஷாப்பில் பார்க்கும் படமும் ஒத்துப்போகும். விண்டோஸில் அது ஒவ்வொரு செயலியையும் பொறுத்தது. அகன்ற நிற எல்லை உள்ள மானிட்டரை மாட்டினால், வண்ண மேலாண்மை தெரியாத செயலிகளில் சிவப்பும் பச்சையும் கண்ணைக் குத்தும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றுக்குள் இரண்டும் சமம்தான். எதை வாங்கினாலும் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கலர் காலிபரேட்டர் ஒன்று வாங்கி, அச்சு வேலைக்குத் திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் வாங்கி வந்தபோது இருந்த வெளிச்சத்திலேயே வேலை செய்வதால்தான் "திரையில் பிரகாசமாக இருந்தது, அச்சில் இருட்டாக வந்துவிட்டது" என்ற புகார் பெரும்பாலும் வருகிறது.

ரேம்: கணக்குப் போட்டு வாங்க வேண்டியது

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு யாரோ சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம், உங்கள் ஃபைலை வைத்தே கணக்கிடலாம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஓர் ஏ4 பக்கம் 2480 x 3508 புள்ளிகள், சுமார் 87 லட்சம். அச்சுக்கான நான்கு மை நிற முறையான சிஎம்ஒய்கேவில் ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக ஒரு முழு லேயர் 35 எம்பிக்குள் முடிந்துவிடும். அதே 300 டிபிஐயில் ஏ0 போஸ்டர் என்றால் சுமார் 14 கோடி புள்ளிகள். ஒரு லேயரே 550 எம்பியைத் தாண்டும். முழுப் பரப்பையும் நிரப்பும் 20 லேயர்கள் 11 ஜிபி. 16 பிட்டில் வேலை செய்தால் இதுவும் இரட்டிப்பு. ஹிஸ்டரியில் சேரும் நிலைகள், பின்னணியில் திறந்திருக்கும் இல்லஸ்ட்ரேட்டர், ஐம்பது டேப் திறந்த பிரவுசர் எல்லாம் இதற்கு மேல். (ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைலுக்கு 2 ஜிபி உச்சவரம்பு, அதைத் தாண்டினால் பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி வடிவத்தில் சேமிக்கலாம். அடிக்கடி பிஎஸ்பியில் சேமிக்கிறீர்கள் என்றால் நீங்கள் கனரக வேலைக்காரர்.)

லோகோ, விசிட்டிங் கார்டு, சமூக ஊடகப் படம் மட்டும் என்றால் 16 ஜிபியில் ஓட்டலாம். முழுநேரத் தொழிலுக்கு 32 ஜிபி என்பது என் கோடு. பெரிய போட்டோ காம்போசிட்டிங், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருந்தால் 64.

மேக்கில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் நாளில் தேர்ந்தெடுத்ததுதான் கடைசி வரை. எம்4 மேக் மினியில் 32 ஜிபி வரை, எம்4 ப்ரோ மினியில் 64 வரை, எம்4 மேக்ஸ் உள்ள ஸ்டூடியோவில் 128 வரை போகலாம். அதே ரேமைத்தான் கிராபிக்ஸ் பகுதியும் பகிர்ந்துகொள்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஆப்பிள் கூடுதல் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வாங்கும் விலை உண்மையிலேயே அதிகம். ரேமுக்கு அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எஸ்எஸ்டிக்குக் கொடுக்க வேண்டாம்: உள்ளே அளவானதை வைத்துக்கொண்டு, தண்டர்போல்ட் போர்ட்டில் வெளியே ஒரு வேகமான என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டியை மாட்டி அதில் ஃபைல்களை வைக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் டிரைவை ரொம்பவும் நெருக்கிவிடாதீர்கள். ரேம் போதாதபோது டிரைவைப் பயன்படுத்தும் ஃபோட்டோஷாப்பின் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கும் மேக்ஓஎஸ்ஸின் ஸ்வாப்புக்கும் காலி இடம் வேண்டும்.

டவரில் இந்தக் கவலை இல்லை. இன்று 32, அடுத்த வருடம் 64 என்று ஏற்றலாம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: டிடிஆர்5 ரேமில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பல போர்டுகளில் வேகம் குறையும். அதனால் இரண்டு பெரிய ஸ்டிக்குகளாக வாங்குவது நல்லது.

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்

இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஃபோட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகள் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தையே நம்பியிருக்கின்றன. 24 கோர் பிராசஸரை வாங்கி இல்லஸ்ட்ரேட்டரில் உட்கார்ந்தால் மற்ற கோர்கள் சும்மா இருக்கும். எம்4 சிப் இந்த ஒற்றைக் கோர் வேகத்தில் முன்வரிசையில் இருக்கிறது. அதனால்தான் கையகல மேக் மினி, பெரிய டவருக்கு ஈடாக நிற்கிறது. சத்தமே இல்லாமலும் நிற்கிறது. நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதன் அருமை தெரியும். டவர் வாங்குபவர் ரைசன் 7 அல்லது கோர் அல்ட்ரா 7 வகையில் ஒன்றை எடுத்தால் போதும். மேலே போகும் பணம் டிசைனில் பலன் தராது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஃபோட்டோஷாப்பில் ஏஐ வழியாகப் படத்தை நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் உங்கள் கார்டில் ஓடுவதில்லை. அடோபியின் சர்வரில் ஓடுகிறது. அதற்கு நல்ல இன்டர்நெட் போதும். கார்டைக் கேட்பவை லிக்விஃபை, சில ப்ளர்கள், கேமரா ராவில் உள்ள ஏஐ டீநாய்ஸ் போன்றவை. 8 ஜிபி மெமரி உள்ள நடுத்தரக் கார்டு இவற்றுக்குத் தாராளம்.

ஆனால் முப்பரிமாண வேலைக்குப் போனால் தராசு அப்படியே சாய்ந்துவிடும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2022ல் மேக்கின் கிராபிக்ஸ் தளமான மெட்டலுக்கு ஆதரவு கொடுத்துவிட்டது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனாலும் என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ள டவர், ரெண்டரிங்கில் அதே விலை மேக்கை எளிதாக முந்தும். 3டிஎஸ் மேக்ஸ் என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான். படம் உருவாக்கும் ஏஐ மாடல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்ட வேண்டும் என்றாலும் பெரும்பாலான கருவிகள் என்விடியா கார்டுகளுக்கான கூடா என்ற மென்பொருள் தளத்தை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. இந்த வேலைக்கு 16 ஜிபி மெமரி உள்ள கார்டாகப் பாருங்கள். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் வெளியே கிராபிக்ஸ் கார்டு மாட்டி ரெண்டரிங்கை வேகப்படுத்த ஆப்பிள் வழி வைக்கவில்லை. பின்னால் முப்பரிமாணம் கற்றுக்கொள்ளும் எண்ணம் உறுதியாக இருந்தால், இன்றைக்கே டவர் வாங்குங்கள்.

வொர்க்ஸ்டேஷனைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பிழை திருத்தும் இசிசி ரேம், மென்பொருள் நிறுவனங்களின் சான்று பெற்ற கிராபிக்ஸ் கார்டு, ஆள் வந்து சரி செய்யும் சர்வீஸ்: இவற்றுக்குத்தான் அங்கே பணம் போகிறது. கேட் (கணினியில் பொறியியல் வரைபடம்) வேலைக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அது சரி. ஒரு காலத்தில் ஃபோட்டோஷாப்பில் 10 பிட் நிறம் பார்க்க குவாட்ரோ போன்ற தொழில்முறைக் கார்டு வேண்டியிருந்தது. 2019ல் என்விடியா சாதாரண ஜீஃபோர்ஸ் கார்டுக்கும் ஸ்டூடியோ டிரைவர் வழியாக அதைத் திறந்துவிட்டது. தனியாகவோ சின்னக் குழுவாகவோ இருக்கும் டிசைனருக்கு வொர்க்ஸ்டேஷன் வாங்க இருந்த பெரிய காரணம் அத்தோடு போய்விட்டது.

நீங்கள் யாரோடு வேலை செய்கிறீர்கள்?

கருவியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இது விட்டுப்போகும். அடோபி மென்பொருள்கள், அஃபினிட்டி, ஃபிக்மா இரண்டிலும் ஓடும். இன்னொரு டிசைன் மென்பொருளான கோரல்டிரா 2019ல் மீண்டும் மேக்குக்கு வந்தது. ஆனால் விண்டோஸில் அதற்கு எழுதிய விபிஏ மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) மேக்கில் ஓடாது. ஃபிளெக்ஸ் பிரிண்டிங், வினைல் கட்டிங் போன்றவற்றின் ஆர்ஐபி மென்பொருள்களும் (டிசைனை அச்சு இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றுபவை) கட்டர் டிரைவர்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. அந்த இயந்திரங்கள் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றால் மேக் வாங்கித் தடுமாற வேண்டாம். மேக்கில் விண்டோஸை நேரடியாக ஓட்ட உதவிய பூட் கேம்ப் ஆப்பிள் சிப்பில் கிடையாது. மேக்ஓஎஸ்ஸுக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸில் கிடைக்கும் ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸில் பழைய டிரைவர்கள் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

லினக்ஸ் பிடிக்கும் என்றால் கிரிட்டாவும் இங்க்ஸ்கேப்பும் அருமையானவை. ஆனால் அடோபி அங்கே இல்லை. வாடிக்கையாளர் இன்டிசைன் ஃபைலாகவே கேட்கும் தொழிலில் அது பெரிய தடை.

என்னைக் கேட்டால், அச்சு, பிராண்டிங், பேக்கேஜிங், யூஐ (ஆப், வெப்சைட் திரை வடிவமைப்பு) வேலைக்கு 32 ஜிபி மேக் மினியும், அடோபி ஆர்ஜிபி காட்டும் 27 அங்குல 4கே மானிட்டரும். யூஐ மட்டும் என்றால் பி3 மானிட்டர். முப்பரிமாணம், மோஷன் கிராபிக்ஸ், சொந்த ஏஐ, கோரல்டிரா மேக்ரோ, கட்டிங் இயந்திரம் இவற்றில் எது இருந்தாலும் டவர். ஐமேக்கை அலுவலக வரவேற்பறைக்கு மனமார சிபாரிசு செய்வேன்.

பழையது வாங்குபவர்கள் சில தேதிகளை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய டவரைத் தொழிலுக்கு வாங்காதீர்கள். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று ஆப்பிள் 2025ல் அறிவித்துவிட்டது, எனவே மலிவாகக் கிடைக்கும் பழைய மேக் ப்ரோவுக்கும் 27 அங்குல ஐமேக்குக்கும் ஆசைப்பட வேண்டாம். எம்1 மேக் மினி இன்றும் நல்ல பேரம், 16 ஜிபி உள்ளதாகக் கிடைத்தால். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்களில் 2024ல் நிலைகுலைவுப் பிரச்சினை வெளிவந்து, இன்டெல் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் கொடுத்து வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அப்படிப்பட்ட டவர் விலைக்கு வந்தால் பயாஸ் (அந்தத் திருத்தம் வந்து சேரும் போர்டு மென்பொருள்) எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள், உங்கள் கனமான ஃபைலைத் திறந்து அரைமணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பணம் கொடுங்கள்.