பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு லேப்டாப் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு

கடை பேர் போட மாட்டேன். போட்டால் நாளைக்கே முதலாளி போன் போட்டுக் கத்துவார், எனக்கு அந்த வம்பு வேண்டாம். தருமபுரியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற ஒரு கடை, அவ்வளவுதான். ஆனால் அங்கே நடந்தது எந்தக் கடையிலும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டில் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிறவன். 2012-ல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 7 ஹோம் பேசிக், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்னும் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எல்லாம் வருஷவாரியாக ஃபோல்டர் போட்டு அதில்தான் இருக்கின்றன, கூடவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அது இந்த லேப்டாப்பைத் தவிர வேறு எதனோடும் ஒத்துப்போகாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு அப்டேட் நின்றுபோனது எனக்கும் தெரியும். அதனால்தான் அதற்கு நெட்டே கொடுப்பதில்லை.

போன ஆடியில் தொந்தரவு ஆரம்பித்தது. ஆன் ஆகப் பத்து நிமிஷம், வேர்டைத் திறந்தால் ஏதோ டிஎல்எல் ஃபைல் இல்லை என்று ஒரு பெட்டி, சில சமயம் நீலத்திரை. உள்ளே இருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வேறு. இந்தச் சத்தத்தைக் கடையில் முதல் ஆளாகச் சொன்னேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

கடைப் பையன் கறுப்புத் திரையைத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்று ஒரு கட்டளை அடித்தான். அரைமணி நேரத்துக்கு மேல் ஓடி, கெட்டுப்போன ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றது. "சிஸ்டம் ஃபைல் அடிபட்டிருக்கு சார், வேற எடுத்துப் போட்டுட்டேன், இனிமே வராது" என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டான். ஒன்பது நாள் ஓடியது.

மறுபடி போனபோது முதலாளியே இருந்தார். வெச்சுட்டுப் போங்க என்றார். டேட்டா முக்கியம் என்று மூன்று தடவை சொன்னேன், "அதெல்லாம் எங்க பொறுப்பு சார்" என்றார். மூன்று நாள் கழித்து வாங்கப் போனால், என் ஃபோல்டரெல்லாம் இருந்த டி டிரைவ் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கேட்டால், "டிஸ்க்கே போச்சு சார், டேட்டா எப்படி இருக்கும், புது டிஸ்க் போட்டிருக்கோம்". டிஸ்க்குக்கு 2,400, ஓஎஸ், அதாவது விண்டோஸ், போட்டதுக்கு 700. ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார், அதில் கடை பேரும் இல்லை, சீலும் இல்லை. கிளம்பும்போது பையன் வந்து, "ஆன்டிவைரஸ் எதுவும் போட்டுடாதீங்கண்ணா, ஸ்லோ ஆயிடும்" என்று அக்கறையாகச் சொன்னான். அன்றைக்கு அது அக்கறை மாதிரிதான் பட்டது.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பழைய டிஸ்க்கைக் கொடு என்று அங்கேயே நின்றது. ஸ்க்ராப்பில் போட்டாச்சு என்றார்கள். நான் நகரவில்லை. அரைமணி கழித்து ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து அதே டிஸ்க் வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஓசூரிலிருந்து வந்திருந்தாள், கம்ப்யூட்டர் வேலைதான் அவளுக்கும். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, அடியில ஸ்டிக்கர்ல ஹோம் பேசிக்னு இருக்கு, உள்ள அல்டிமேட் ஓடுது, இது யாரு போட்டது?" என்றாள். இரண்டும் விண்டோஸ் 7-ன் வேறுவேறு பதிப்புகள். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ், அதன் கீ அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் திருட்டு விண்டோஸைப் போட்டு, அதை ஒரிஜினல் மாதிரிக் காட்ட ஒரு புரோகிராமையும் ஏற்றியிருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் போட்டால் முதலில் அதைத்தான் பிடிக்குமாம். பையனின் அக்கறை அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளை பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டினாள். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை டிஸ்க்கே கணக்கு வைத்திருக்குமாம், இது காட்டிவிடும். என் "புது" டிஸ்க் 19,460 மணி நேரம் ஓடியிருந்தது. ஒரு வருஷத்துக்கு 8,760 மணிதான். ராப்பகலாக இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கேயோ உழைத்துக் களைத்த டிஸ்க்கை எனக்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சிஸ்டம் ஃபைல், அதாவது விண்டோஸ் ஓடுவதற்கு வேண்டிய ஃபைல், கெட்டுப்போவது நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி. எதனால் வந்தது என்று பார்க்கணும். எஸ்எஃப்சி செய்வது, கெட்ட ஃபைலுக்குப் பதில் விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கும் நகலை எடுத்துப் போடுவது. அந்த நகலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதுவும் கெட்டிருந்தால் எஸ்எஃப்சி கையை விரித்துவிடும். விண்டோஸ் 8-லிருந்து டிஸ்ம் என்ற கட்டளையில் நெட்டிலிருந்து நல்ல நகலை இறக்கிச் சரிபண்ணும் வசதி உண்டு, 7-ல் அது கிடையாது. ஆக, முடியவில்லை என்று எழுதிக் காட்டியதைப் பார்த்துக்கொண்டே சரியாகிவிட்டது என்று 800 வாங்கியது முதல் பொய். என் டிஸ்க்கில் பேட் செக்டார், அதாவது படிக்க முடியாதபடி கெட்டுப்போன இடங்கள், விழுந்து, அதில் மாட்டிய சிஸ்டம் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டிக் டிக் சத்தம் அதுதான். அப்படிப்பட்ட டிஸ்க்கில் ஸ்கேன் மேல் ஸ்கேன் ஓட்டவே கூடாதாம், முதலில் டேட்டாவை வெளியே எடுக்கணும், மற்றதெல்லாம் அப்புறம். இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும், ஆனால் அதற்கு யார் 3,900 ரூபாய் தருவார்கள்?

திரும்பப் போய்க் கேட்டேன். "புதுசுன்னு சீட்டுல எழுதியிருக்கா சார்?" என்றார் முதலாளி. எழுதவில்லைதான். ஹெச்டிடி (ஹார்ட் டிஸ்க்) 2400, அவ்வளவே. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் வழக்குப் போடக் கட்டணமே இல்லை, எல்லாம் சரி, ஆனால் கையில் பில் என்று ஒன்று இருக்கணுமே. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அதனால் கொடுக்கிறதுக்கு முன்னால் லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் சீரியல் நம்பர், ராம் எவ்வளவு என்பதையும் திரையிலிருந்து படம் எடுத்து வையுங்கள். டிஸ்க் ஹெல்த்தை உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள், காட்டாத கடையில் ஒரு நிமிஷம் நிற்காதீர்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைக் கையோடு வாங்குங்கள், ரிப்பேர் ஆகாது என்று சொன்னாலும் வாங்குங்கள்.

எனக்கு அந்தப் பழைய டிஸ்க்தான் கைகொடுத்தது. அவள் அதை ஒரு யூஎஸ்பி பெட்டியில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் போட, டி டிரைவ் அப்படியே தெரிந்தது. போச்சு என்று சொன்ன டேட்டா! இரண்டு ராத்திரி காப்பி ஓடியது, நடுவில் நின்று நின்று. முக்கால்வாசி வந்துவிட்டது, 2016 ஃபோல்டர் மட்டும் வரவில்லை. போன வாரம் மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு பெரியவர் வந்து, அந்த வருஷம் அடித்த பாகப்பிரிவினை டிராஃப்டை எடுத்துக் கொடு தம்பி என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.