குடும்பப் படமா, கண்ணாடியா, கூட்டம் சேர்க்கும் ஆட்டமா?

பால்வாடியில் 'நான் யார்' என்ற தலைப்பு வந்தால் டீச்சர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். மூன்றுமே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், பலன்தான் வேறு வேறு.

குடும்பப் படச் சார்ட் சுவரில் அழகாக இருக்கும், சிக்கலும் அதில்தான் அதிகம். அப்பா சிங்கப்பூரில் இருப்பார், பிள்ளையை வளர்ப்பது அப்பாயியாக இருக்கும். 'அப்பா என்ன வேலை?' என்று கேட்டால் நம் ஊரில் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'உனக்கு யார் தலை வாரிவிடுவாங்க?' என்று கேட்டு, அவர்களை வரையச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

கண்ணாடி பார்த்துத் தன்னை வரைவது அதைவிட நல்லது. இரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணாடியில் தங்களை அடையாளம் கண்டுவிடும். அதனால் மூன்று வயதில் சுவாரசியமே மச்சம், சுழி, காது குத்திய ஓட்டை என்று தேடுவதில்தான். இடறுவது வண்ணம் தீட்டும்போது. கிரேயான் டப்பாவில் 'ஸ்கின் கலர்' என்று வெளிறிய ரோஸில் ஒரு குச்சி இருக்கும். தன் கை அந்த நிறத்தில் இல்லாவிட்டாலும் பிள்ளை அதைத்தான் எடுக்கும்.

இங்கே மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண், வாய்க்கால் வண்டல், கொஞ்சம் அரிசி மாவு. முள்ளும் கண்ணாடிச் சில்லும் போகச் சலித்து, கஞ்சியில் குழைத்துக் கொட்டாங்குச்சியில் வைத்தால் போதும். பிள்ளை புறங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் வண்டல் வேணும்' என்று கேட்டு வாங்கிக் கலக்கும். ஒரே மண்ணில் யாருக்கும் நிறம் ஒத்துவராது. உள்ளங்கைக்கே வேறு கலவை வேண்டும். பக்கத்தில் நின்று 'நீ நல்ல கலரு' என்று சொல்லும் பெரியவர்களை மட்டும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் சேர்க்கும் ஆட்டத்துக்குச் செலவே இல்லை. 'தயிர்சாதம் பிடிக்கிறவங்க இந்தப் பக்கம்', அடுத்து 'சட்டையில பட்டன் இருக்கிறவங்க'. முதல் சுற்றில் எதிரே நின்றவன் அடுத்ததில் பக்கத்தில் நிற்பான். மூன்று வயசுக்காரர்கள் விதி மாறினால் குழம்புவார்கள், அதனால் சுற்றுக்கு ஒன்று போதும், நிதானமாக மாற்றுங்கள். பொட்டு, தொப்பி, சிலுவை என்று பிரிக்கவே கூடாது. நாகூர், வேளாங்கண்ணி பக்கமென்றால் ஒரே பாயில் எல்லா வீட்டுப் பிள்ளையும் இருக்கும்.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் மண்ணோடு சேர்த்துக் கண்ணாடியைத்தான் எடுப்பேன். வண்டலை மட்டும் மேட்டூர் தண்ணீர் வருவதற்குள், வாய்க்கால் காய்ந்து கிடக்கும் சித்திரை வைகாசியிலேயே அள்ளி டப்பாவில் போட்டுவிடுங்கள். ஐப்பசியில் தேடினால் சேறுதான் கிடைக்கும்.