பன்னிரண்டு பாடத்தில் தூதராகலாமா?

என் அண்ணன் மகளுக்குத் தூதராக வேண்டுமாம். அதற்காக இணையவழிப் படிப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தாள். ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் நடத்தும் பன்னிரண்டு காணொளிப் பாடங்கள், கூடவே ஒரு பயிற்சிப் புத்தகம், கடைசியில் நேரலையில் ஒரு பாவனைப் பேச்சுவார்த்தை. மூன்றாம் செயலராக நுழைகிறவர் தூதராகி ஓய்வு பெறும் வரையில் எல்லாவற்றையும் சொல்லித் தருவதாக விளம்பரம். "அத்தை, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்றாள். தப்புக் கண்டுபிடிக்க என்னை யாரும் இரண்டு முறை கூப்பிட வேண்டியதில்லை.

நான் தூதர் அல்ல. ஒரு தூதரகத்தில், சடங்கு முறைகளையும் மரியாதை வரிசையையும் கவனிக்கும் புரோட்டோகால் பிரிவில் 31 ஆண்டுகள் உள்ளூர்ப் பணியாளராக இருந்தவள். தட்டச்சராகச் சேர்ந்து, மூத்த உதவியாளராக ஓய்வு பெற்றேன். ஒன்பது தூதர்கள் வந்தார்கள், போனார்கள். நான் அதே ஜன்னலோர மேசையில் இருந்தேன். எந்த நாட்டின் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை, பழக்கதோஷம். படிப்பை நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. குறைதான் நிறையச் சொல்லப்போகிறேன்.

முதல் மூன்று பாடங்களை வேகமாக ஓட்டிவிடலாம். மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சலர், மினிஸ்டர் (அரசியல் அமைச்சர் அல்ல, தூதருக்கு முந்தைய படி), தூதர் என்று ஓர் ஏணியை வரைந்து, அதில் ஒரு பொம்மை மனிதர் இசையோடு ஏறுவதைக் காட்டுகிறார்கள். பொம்மை எங்கும் நிற்பதே இல்லை. நான் பார்த்த மனிதர்கள் நின்றார்கள். கவுன்சலர் படியில் ஆண்டுக்கணக்கில் நின்று, தலை நரைத்து, தலைநகருக்குத் திரும்பி அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் இன்னும் சில ஆண்டுகள் நின்றார்கள். இந்த வேலையின் கணிசமான பகுதி வெளிநாட்டில் நடப்பதே இல்லை. தலைமையகத்தில் உட்கார்ந்து, வெளியே இருக்கிறவர்கள் அனுப்புவதைப் படித்துப் பதில் எழுதுவதில் கழிகிறது. அதற்குப் பாடத்தில் ஒரே ஒரு வாக்கியம். சில நாடுகளில் இந்த ஏணியில் கால் வைக்காமலேயே அரசியல் வழியாகத் தூதராக வந்து இறங்குகிறவர்கள் உண்டு; அவர்களைப் பற்றி அந்த ஒரு வாக்கியமும் இல்லை.

மூன்றாம் பாடத்துக்கான பயிற்சிப் புத்தகப் பக்கத்தில்தான் முதல் சிவப்புக் கோடு போட்டேன். விருந்துகளில் பெரிய நாட்டின் தூதர் முதலில் அமர்வார், சிறிய நாட்டின் தூதர் பின்னால் அமர்வார் என்று எழுதியிருந்தது. பாடம் நடத்துகிற பெரியவர் இதை எழுதியிருக்க மாட்டார். புத்தகத்தை வேறு யாரோ தொகுத்திருக்க வேண்டும். தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் 16ஆவது பிரிவைப் படித்த எவரும் இப்படி எழுத மாட்டார்கள். தூதர்களின் வரிசை, அவர்கள் பொறுப்பேற்ற நாளையும் நேரத்தையும் பொறுத்தது. நாடு எவ்வளவு பெரியது, படை எவ்வளவு பெரியது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. வாடிகனின் பிரதிநிதிக்கு முதலிடம் தரும் வழக்கம் உள்ள நாடுகள் அதைத் தொடரலாம் என்பது மட்டும் விலக்கு.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1661இல் லண்டனுக்கு ஸ்வீடனின் புதிய தூதர் வந்தபோது, மன்னரின் வண்டிக்கு அடுத்து யார் வண்டி போவது என்று பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் ஸ்பெயின் தூதரின் ஆட்களும் தெருவிலேயே வெட்டிக்கொண்டார்கள். ஆட்களும் செத்தார்கள், குதிரைகளும் செத்தன. 1815இல் வியன்னா மாநாட்டில்தான், வந்த தேதிப்படி வரிசை என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவின் கடைசிக் கண்ணி என் மேசை வரை வந்தது. புதிய தூதரின் விமானம் தரையிறங்கியதும் நேரத்தை நிமிடக் கணக்கோடு எழுதிவைப்பது என் வேலை. ஒரே வாரத்தில் நான்கு நாடுகளின் புதிய தூதர்கள் வந்திறங்கினால், நியமனப் பத்திரத்தை யார் முதலில் தருவது என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கும்.

நான்காம் பாடம் அக்ரெமான் பற்றியது. இங்கே ஆசிரியர் விழித்துக்கொள்கிறார். ஒருவரைத் தூதராக அனுப்ப விரும்பும் நாடு, அவர் பெயரைப் போகவேண்டிய நாட்டிடம் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். மறுக்கிற நாடு காரணம் சொல்லத் தேவையில்லை. மறுப்பு என்று பெரும்பாலும் வாயைத் திறந்தும் சொல்லாது. பதிலே வராது, அவ்வளவுதான். ஆறு வாரம், எட்டு வாரம் என்று மௌனம் நீளும். கேட்டவர்கள் புரிந்துகொண்டு வேறு பெயரைத் தேட வேண்டும். ஆசிரியர் தன் பெயர் அப்படி ஊசலாடிய நாட்களைச் சொல்கிறார். சக ஊழியர்களுக்குச் சொல்லக் கூடாது, வீட்டுச் சாமான்களைக் கட்டவும் கூடாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்கவும் கூடாது. அவர் மனைவி சமையலறைப் பாத்திரங்களை மட்டும் சத்தமில்லாமல் பெட்டியில் அடுக்கினாராம். இந்த ஓர் இடத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஐந்தாவதும் ஆறாவதும்தான் இந்தப் படிப்பின் உயிர். இரண்டுமே எழுதுவதைப் பற்றியவை. விளம்பரத்தில் இவற்றுக்கு ஒரு படம்கூட இல்லை; கொடி பறக்கும் காருக்குத்தான் இடம். ஒரு மணி நேர உரையாடல் ஒன்றின் குறிப்பு இரண்டு பக்கத்துக்குத் தரப்படுகிறது. அதை ஆறு வரியில் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். யார் சொன்னார், என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் தவிர்த்தார், நமக்கு அதனால் என்ன. அண்ணன் மகள் முதல் முயற்சியில் பத்தொன்பது வரி எழுதினாள். அதில் நான்கு வரி, அந்த அமைச்சர் எவ்வளவு அன்பாகப் பேசினார் என்பது. "அன்பாகப் பேசுவது அவர் வேலை. அதைத் தந்தியில் ஏற்றாதே" என்றேன். கோபித்துக்கொண்டாள்.

நீளமாக எழுதியும் பெயர் வாங்கலாம் என்பதற்கு ஆசிரியர் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னனைச் சொல்கிறார். 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து அவர் அனுப்பிய நீண்ட தந்தி சோவியத் நாட்டிடம் அமெரிக்காவின் போக்கையே திருப்பியது. அப்போது அவர் தூதர் அல்ல, தூதர் இல்லாத நேரத்தில் பொறுப்பு வகித்தவர். இதுவரை சரி. ஆனால் கதையின் மறுபாதியை ஆசிரியர் ஏன் விட்டார் என்று தெரியவில்லை, பாடமே அங்கேதான் இருக்கிறது. அதே கென்னன் 1952இல் அதே மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார். சில மாதங்களில், பெர்லின் விமான நிலையத்தில் நிருபர்கள் கேட்ட கேள்விக்கு, மாஸ்கோவில் தன் வாழ்க்கை முன்பு நாஜி ஜெர்மனியில் தடுத்து வைக்கப்பட்டிருந்தபோது இருந்ததைப் போன்றது என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் சோவியத் அரசு அவரை விரும்பத்தகாத நபர் என்று அறிவித்தது. மாஸ்கோவுக்குத் திரும்பி வரவே முடியவில்லை. உட்கார்ந்து எழுதியபோது உலகமே கேட்டது; நின்றபடி பேசிய ஒரு பதிலில் பதவி போயிற்று.

நோட் வெர்பாலுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். நான் அதில்தான் 31 ஆண்டுகள் மூழ்கிக் கிடந்தேன் என்பதால் இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தூதரகம் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதும் கடிதம் அது. படர்க்கையில் இருக்கும்; கையெழுத்து இருக்காது, முத்திரையும் சுருக்கொப்பமும்தான். "தூதரகம் அமைச்சகத்துக்குத் தன் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறது" என்று தொடங்கும். "தன் மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்த இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது" என்று முடியும். நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கள் வளாகச் சுவர் மீது யாரோ கல்லெறிந்ததைக் கண்டித்து எழுதியதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான். ஒரு முறை முடிவு வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு அனுப்பச் சொன்னார் ஒரு தூதர். மறுநாள் காலையே அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கடிதத்தில் இருந்த எதையும் விட, இல்லாத அந்த ஒரு வரிதான் அவர்களுக்கு உறைத்திருந்தது.

ஏழாம் பாடம் விருந்துகள். தாண்டிப்போங்கள்.

எட்டாம் பாடத்தில் நியமனப் பத்திரம் அளிக்கும் சடங்கு. உண்மையான காட்சிகளோடு நன்றாக எடுத்திருக்கிறார்கள். அனுப்பும் நாட்டின் தலைவர் ஏற்கும் நாட்டின் தலைவருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் கையில் இருக்க வேண்டும்: முன்னவரைத் திரும்ப அழைக்கும் கடிதம் ஒன்று, புதியவரை நம்பும்படி கேட்கும் கடிதம் ஒன்று. முதலாவதைப் பற்றி ஆசிரியர் போகிற போக்கில் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் நான்காவது தூதர் மாளிகைக்குப் புறப்பட்ட காலை. கார் வாசலைத் தாண்டிய பிறகு மேசைக்குத் திரும்பினால், கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு நீண்ட உறை. திரும்ப அழைக்கும் கடிதம். நான்தான் முந்தைய மாலை நகலெடுக்க வெளியே எடுத்தவள். சாமான் ஏற்றும் வேனில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, உறை கசங்காமல் இருக்க இரண்டு கைகளாலும் மார்புக்கு முன்னால் தட்டுப் போலப் பிடித்துக்கொண்டு போனேன். பக்கவாட்டு வாசலில் இரண்டாம் செயலர் கை நீட்டி வாங்கியபோது உள்ளே வாத்தியக்குழு தேசியகீதத்தைத் தொடங்கிவிட்டது. சடங்கு குறையில்லாமல் முடிந்தது. திரும்பும்போது காரில் முதல் முறையாகக் கொடியை விரித்துக்கொண்டு வந்தார்கள். மாலையில் தூதர் என் மேசையைக் கடந்து போனவர் நின்றார். "இன்று நம் வேன் நன்றாக ஓடியதாகக் கேள்விப்பட்டேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அன்றிரவு தூக்கமும் இல்லை.

ஒன்பதாம் பாடத்தின் தலைப்பு 'குடும்பம்'. மொத்தம் பதினொரு நிமிடம். கோபம் வந்த இடம் இதுதான். மனைவி விருந்தினரை வரவேற்பதும், பிள்ளைகள் புது மொழி கற்பதும் இனிமையாக ஓடுகின்றன. பெண்ணே அதிகாரியாக இருந்தால்? பிரிட்டனில் தூதரகப் பணியில் இருந்த பெண்ணுக்குத் திருமணம் என்றால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. இந்திய வெளியுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த முதல் பெண் சி. பி. முத்தம்மா, 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனவர். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதியையும் அங்கே எடுத்துவைத்தார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த விதிகளைக் கடுமையாகச் சாடியது. தூதராகும் ஆசையோடு பணம் கட்டிய ஓர் இளம்பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்கள்? பாடத்தை நிறுத்திவிட்டு நானே அவளுக்குச் சொன்னேன். கணினியை மூடிவிட்டு மறுநாள் வரை அவள் அதைத் திறக்கவில்லை.

பத்தும் பதினொன்றும் நெருக்கடி, சட்டப் பாதுகாப்பு. துப்பாக்கிச் சத்தமும் ஹெலிகாப்டரும் அதிகம். அரசுக் கடிதங்கள் போகும் தூதரகப் பையைத் திறக்கக் கூடாது, தூதரைக் கைது செய்யக் கூடாது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இருக்கும் நாட்டின் சட்டங்களை மதிப்பதும் அதன் உள்விவகாரங்களில் தலையிடாமல் இருப்பதும் கடமை என்று அதே உடன்படிக்கையின் 41ஆவது பிரிவு சொல்கிறது. அது திரையில் மூன்று வினாடி வந்து போயிற்று.

கடைசி நேரலைப் பயிற்சி நல்ல யோசனை, மோசமான ஏற்பாடு. இரண்டு கற்பனை நாடுகளுக்கு நடுவில் ஓர் ஆற்றுநீர்த் தகராறு. அண்ணன் மகளுக்கு இரண்டாம் செயலர் வேடம். இருபது நிமிடத்தில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. எதிர்த்தரப்புத் தூதர் வேடத்தில் இருந்தவர் திரும்பி வரவேயில்லை. அவள் அசரவில்லை. எஞ்சியிருந்த கவுன்சலரிடமே பேசி, அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதி வாங்கிவிட்டாள். நான் மனதுக்குள் கைதட்டினேன். நிறுவனத்திடமிருந்து வந்த மதிப்பீடு: "சிறப்பான முயற்சி, தொடருங்கள்." எல்லோருக்கும் அதே வரி வந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

வாங்கலாமா என்று கேட்டால், நான்கு, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய பாடங்களைத் தனியாக விற்றால் யோசிக்காமல் வாங்குங்கள் என்பேன். தனியாக விற்பதில்லை. முழுசாக வாங்குகிறவர்கள் பயிற்சிப் புத்தகத்தை வியன்னா உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் படியுங்கள். மொத்தம் 53 பிரிவுகள்தான், ஒரு மாலைப் பொழுது போதும்.

வரிசை பற்றிய தவறைச் சுட்டி நிறுவனத்துக்கு ஒரு நோட் வெர்பால் எழுதினேன், மரியாதையும் உயர்ந்த மதிப்பும் குறையாமல். இரண்டு வாரம் கழித்து, கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது. பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அண்ணன் மகள் தினம் ஒரு செய்தியை எடுத்து ஆறு வரியில் எழுதிப் பார்க்கிறாள். நேற்று ஒன்பது வரிக்கு வந்திருக்கிறாள்.