மாடியில பர்த்டே ஹால்: சாப்பாடு சூப்பர், லிஃப்ட் மட்டும் கேக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகனுக்கு மொத பர்த்டே, மதுரையில ஒரு வெஜ் ஹோட்டலோட மாடி ஹால்ல வச்சோம். ஏசி மினி ஹால், பஃபே, பிளேட் 380, கொறஞ்சது 60 பிளேட் கேரண்டி, ஹாலுக்கு தனி வாடகை கிடையாது. ஃபோன்ல லிஃப்ட் இருக்கானு ரெண்டு தடவ கேட்டேன், இருக்கு சார்னாங்க. இருக்கத்தான் இருந்துச்சு, ஆனா அது கிச்சன் பாத்திரம் ஏத்துற லிஃப்ட், ஆள் ஏறக்கூடாதாம்.

எங்க அப்பத்தாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. வேற வழி, பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு சித்தப்பாவும் நானும் ரெண்டு மாடி தூக்குனோம். "நாலு பேரு சேந்து தூக்குற நாள் ஒண்ணு வரும்னு தெரியும், இப்பவே ரெண்டு பேரு ஆரம்பிச்சுட்டீங்களேடா"ன்னு அது சொல்ல, சிரிச்ச சிரிப்புல சேர கீழ போட்டுருப்போம். மேனேஜர் மேல நின்னு வேடிக்க பாத்தாரே ஒழிய ஒரு கை குடுக்கல.

டெகரேஷன் பத்தி பெருசா ஒண்ணுமில்ல, பலூன் ஆர்ச், பேர் போட்ட போர்டு, ஓகே. உசிலம்பட்டில இருந்து பெரியப்பா வந்தாத்தான் கேக்குன்னு எல்லாரும் காத்திருந்ததுல எட்டு மணி ஆயிருச்சு, அதுக்குள்ள பய தூங்கிட்டான். தொவண்டு கெடந்த அந்த கைய புடிச்சு மாப்ள கேக்கு வெட்டவும் ஹால் பையன் டமார்னு பேப்பர் பிளாஸ்ட்ட விட்டான் பாருங்க, பய முழிச்சு அழுத அழுகையில போட்டோ எல்லாத்துலயும் வாய் மட்டும்தான் தெரியுது. அது போதாதுன்னு இன்னொரு பையன் மெழுகுவத்தி எரியிற கேக்கு பக்கத்துலயே ஸ்னோ ஸ்ப்ரேய ஆட்டிக்கிட்டு வந்தான். அந்த டப்பாவுக்குள்ள அடைச்சிருக்கறது பெரும்பாலும் பியூட்டேன், ப்ரொப்பேன், அதாவது நம்ம சமையல் கேஸ்ல இருக்கறதேதான், டப்பாவுலயே நெருப்பு படம் போட்டுருக்கும். புடுங்கி வச்சுட்டேன். தாய்மாமன், செயின் போட்ட கை, அந்த உரிமை கூட இல்லையா. அத கவுண்டர்ல வச்சு விக்கிறதே ஹால்காரங்கதான், அதுதான் எனக்கு பெரிய கோவம்.

சாப்பாட்ட கொற சொன்னா வாய் அழுகிரும். மினி ஊத்தப்பம் கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வருது, ஓரம் மொறுமொறுன்னு, வெங்காயம் லேசா கருகி. இடியாப்பம் தேங்காப்பால், வெஜ் பிரியாணி ரெண்டும் அருமை. பருத்திப்பால் தான் ஹீரோ, கருப்பட்டி கரெக்டா, சுக்கு தொண்டையில லேசா இறங்குது. ஆனா ஜிகர்தண்டான்னு ஒண்ணு குடுத்தாங்க, கடல்பாசியும் இல்ல நன்னாரி சர்பத்தும் இல்ல, ரோஸ் சிரப் ஊத்துன பால், மதுரையில வச்சு இத பண்ண தைரியம் வேணும். பெருசுங்க பத்து பேருக்கு ஒரு டேபிள் போட்டு பரிமாறுங்கனு கேட்டதுக்கு பஃபேன்னா பஃபேதான்னுட்டாங்க, அத்தைங்க எல்லாம் தட்ட மடியில வச்சுக்கிட்டு சாப்பிட்டாங்க.

கடைசில பில்லு. வந்தது 52 பேர், 60க்கு 22,800, அது பேசுன பேச்சு, சரி. ஜிஎஸ்டி 5 பர்சென்ட் 1,140, அதுவும் சரி. நடுவுல சர்வீஸ் சார்ஜ்னு 2,280 கேக்காமலே சேத்துருந்தாங்க. அப்படி தானா போடக்கூடாதுன்னு 2022லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னுருச்சு, எடுங்கன்னேன். மறு பேச்சு பேசாம எடுத்துட்டாங்க, அப்ப கேக்காதவன்கிட்ட வாங்கிக்கிட்டுத்தான இருக்காங்க.

வராத எட்டு பிளேட்டுக்கு பார்சல் கேட்டோம், பஃபேல பார்சல் கிடையாதாம். எட்டு முந்நூத்தியெம்பது 3,040 ரூவான்னு கணக்கு போட்ட பெரியப்பா, நேரா போயி பருத்திப்பால் அண்டா பக்கத்துல சேர போட்டு உக்காந்துட்டாரு. அஞ்சாவது கிளாஸ்ல பெரியம்மா வந்து இழுத்துட்டு போனாங்க.