பாசிப் புரதம் குலைவதைப் பார்க்க: ஸ்டாப்டு ஃப்ளோவா, சிப்பா, லேசரா?

மண்டபம் கரையில் எடுக்கிற கஞ்சிப்பாசி சிவப்புப் பாசி வகை. அதற்குச் சிவப்பு நிறம் தருகிற புரதமான ஃபைக்கோஎரித்ரினைப் பிரித்து, அமிலத்திலோ யூரியாவிலோ அது எவ்வளவு வேகமாகக் குலைகிறது (அதாவது மடிந்த வடிவம் கலைகிறது) என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எந்தக் கருவி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கையில் எவ்வளவு புரதம் இருக்கிறது, எத்தனை வேகம் வேண்டும், இதைச் சொல்லுங்கள் முதலில்.

மில்லி விநாடிக் கணக்கு போதும் என்றால் ஸ்டாப்டு ஃப்ளோதான் (இரண்டு கரைசல்களை வேகமாகத் தள்ளிக் கலந்து, ஓட்டத்தைச் சட்டென நிறுத்தி அளக்கிற கருவி), யோசிக்கவே வேண்டாம். ஆனால் கலந்து முடியவே சுமார் 1 மில்லி விநாடி ஆகிவிடும், அதற்குள் நடந்தது போனதுதான். புரதமும் நிறையக் குடிக்கும்.

நுண்ணிய வாய்க்கால்கள் செதுக்கிய மைக்ரோ சிப்பில் நடுவே புரதக் கரைசல் வர, இரு பக்கமும் அமிலமோ யூரியாவோ கலந்த பஃபர் கரைசல் நெருக்கி அதை 0.1 மைக்ரான் அளவுக்கு மெலிய வைக்கிறது. சுழிப்பே கிடையாது, பரவல் மட்டும்தான். பரவும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அகலம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்றாகும். 1998-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ராபர்ட் ஆஸ்டினின் குழு இப்படி 10 மைக்ரோ விநாடிக்குள் கலந்து காட்டியது, செலவானது நானோ லிட்டர்கள்தான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தூரமே கடிகாரமாகிவிடுவது: விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் 10 மைக்ரான் தள்ளி இருப்பது 10 மைக்ரோ விநாடி வயதுள்ள புரதம். அதிவேகக் கேமரா தேவையில்லை, ஒரே இடத்தில் நிதானமாக ஒளியைச் சேர்க்கலாம். ஃபைக்கோஎரித்ரின் தானாகவே ஒளிரும், குலைந்தால் அந்த ஒளிர்வு மங்கும்; 532 நானோமீட்டர் பச்சை லேசரே போதும், சாயம் ஒட்டுகிற வேலையும் மிச்சம்.

தலைவலி அடைப்பு. கஞ்சிப்பாசியே அகார் எடுக்கிற பாசி, அந்தக் கொழகொழப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும்; நன்றாகச் சுத்திகரித்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டுத்தான் ஏற்ற வேண்டும். சிரிஞ்ச் பம்ப் விட்டுவிட்டுத் தள்ளுவதில் நடு ஓட்டம் நடுங்கும், காற்றழுத்தத்தில் ஓட்டுவது மேல் (உப்புக்காற்றில் பம்பின் திருகு துருப்பிடிக்கிற கவலையும் குறையும்).

லேசர் வெப்பத் தாவலா? கலக்காமல், சட்டென்று சூடாக்கிப் புரதத்தைக் குலைக்கிற முறை அது. அகச்சிவப்பு லேசர் துடிப்பு தண்ணீரை நானோ விநாடிகளில் 10 டிகிரி வரை சூடேற்றும், வேகத்தில் மற்ற இரண்டும் கிட்ட நிற்க முடியாது. ஆனால் சூட்டில் குலைந்தது ஆறியதும் பழையபடி கூட வேண்டும், அப்போதுதான் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்க முடியும். பல துணையலகுகள் (தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) சேர்ந்த, 240 கிலோ டால்டன் எடையுள்ள ஃபைக்கோஎரித்ரின் கூட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சரி, எதில் ஆரம்பிப்பது? கிடைத்தால் ஸ்டாப்டு ஃப்ளோவில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். குலையாத புரதத்தின் ஒளிர்வுக்கும் வரைபடத்தின் முதல் புள்ளிக்கும் பெரிய இடைவெளி விழுந்தால், பாதிக் கதை அந்த முதல் மில்லி விநாடியிலேயே முடிந்திருக்கலாம். அப்புறம் சிப்புக்குக் காசு தேடுங்கள்.