‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும்

களியக்காவிளையில் எங்கள் ஒரே வீட்டுக்குள் மூன்று கட்சி. அந்தி மயங்கினால் அம்மை விளக்கு வைப்பாள். அப்பா, சாமி இல்லை என்பார். என்னைக் கேட்டால் தெரியாது என்பேன். “அதென்னலே ரெண்டுங்கெட்டான் பேச்சு?” என்று அப்பா பல வருடமாகக் கேட்கிறார். அப்பாவும் நானும் பதில் சொல்வது வெவ்வேறு கேள்விகளுக்கு.

நாத்திகம் நம்பிக்கையைப் பற்றியது. கடவுள் இருப்பதாக நம்புகிறாயா என்றால், நாத்திகர் நம்பவில்லை. ‘இல்லவே இல்லை’ என்று அடித்துச் சொல்பவர்களும், ‘ஆதாரம் காட்டு, அதுவரை நம்ப மாட்டேன்’ என்று நிற்பவர்களும் இதில் அடக்கம். அறியொணாவாதம், அதாவது என் ‘தெரியாது’, அறிவைப் பற்றியது. இது நமக்குத் தெரியுமா, தெரிந்துகொள்ளத்தான் முடியுமா என்று அது கேட்கிறது. இப்படிச் சொல்பவருக்கு ‘அக்னாஸ்டிக்’ என்ற பெயரை 1869இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. ஆதாரம் இல்லாத இடத்தில் தெரிந்த மாதிரி பேசக் கூடாது என்பது அவர் பிடிவாதம். கேள்வி இரண்டு என்பதால் ஒருவரே இரண்டுமாகவும் இருக்கலாம்: தெரியாது, அதனால் நம்பவும் இல்லை. தெரியாது, ஆனாலும் கும்பிடுகிறேன் என்பவர்களும் நம்மிடையே நிறைய உண்டு.

நம்முடைய பழைய சொற்களும் கொஞ்சம் குழப்பும். தரிசனங்கள் எனப்படும் பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளில் நாத்திகம் என்றால் வேதத்தை ஏற்காதது. படைத்தவன் ஒருவன் வேண்டும் என்று சொல்லாத மீமாம்சை என்ற தரிசனம், வேதத்தை ஏற்பதால், அந்தக் கணக்கில் ஆத்திகம்!

அப்பா பக்கத்து வலுவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேரள எல்லை தாண்டினால் அருவிப்புறம். அங்கே 1888இல், சாதியை எதிர்த்த துறவி நாராயண குரு ஆற்றுக் கல்லை எடுத்துச் சிவனாக வைத்தார். ‘ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்’ என்றார். அவருடைய சீடர் சகோதரன் ஐயப்பனோ சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்று போனார். 1924இல் வைக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. பெரியார் போய்ச் சிறை சென்றார். சாமி பேரைச் சொல்லி வழி மறித்த காலத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இருந்த வேகம் என் ‘தெரியாது’க்கு வராது.

சரி, நம்புகிறவர்கள் ஏன் நம்புகிறார்கள்? உலகத்துக்கு ஒரு தொடக்கம் வேண்டாமா, இவ்வளவு ஒழுங்கு தானாக வருமா என்பவை பழைய வாதங்கள். நம்பி வைத்தால் நட்டமில்லை, இருந்துவிட்டால் லாபம் என்று பிரான்சின் தத்துவ அறிஞர் பாஸ்கல் கட்டிய பந்தயம் எனக்கு ஒப்பவே இல்லை. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். எதன் மேல் பந்தயம் கட்டுவது?

வாதத்தை வைத்து நம்பியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலோரத் தூத்தூர்ப் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அண்ணன் கடலில் இருந்தார். அம்மா திண்ணையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மணிகள் தேய்ந்து நிறமே போயிருந்தன. விரல் நடுங்கியதில் மாலை இரண்டு தடவை நழுவியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து கூடவே சொல்லத் தொடங்கிய பிறகுதான் விரல் நடுக்கம் நின்றது. அந்தத் திண்ணையில் கடவுள் உண்டா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் அண்ணன் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

“ரெண்டு வீட்லயும் ஒரே ஜெபம்தானே சொன்னாங்க?” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. இந்தக் கேள்விக்கு ஆத்திகர்கள் சொல்லும் எந்தச் சமாதானமும் இதுவரை எனக்குப் போதவில்லை.

நண்பனின் அம்மா இப்போதும் சாயங்காலமானால் அதே மாலையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குத்தான் போகிறார்.