தப்பாக அழுத்தினால் என்ன ஆகிறது? ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், டக்ஸ் மேத்

மகள் யூகேஜி சேர்ந்தபோது எங்கள் வீட்டில் இருந்த ஒரே கணினி, மச்சான் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். பேட்டரி செத்து நாளாகிறது, சார்ஜர் செருகினால்தான் உயிர். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு மூன்று இலவச விளையாட்டுகளை ஏற்றினேன். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அதில் ஆடியிருக்கிறார்கள்.

அதற்கு முன் கைபேசியில் ஒரு செயலி இருந்தது. பெயர் வேண்டாம். சரியாகத் தொட்டாலும் தப்பாகத் தொட்டாலும் பலூன் பறக்கும், கைதட்டல் கேட்கும், நடுவில் கடன் விளம்பரம் ஓடும். பிள்ளைக்கு ஏகக் குஷி. எழுத்து மட்டும் ஒன்றும் ஏறவில்லை. அன்றிலிருந்து எந்த விளையாட்டை ஏற்றினாலும் முதலில் நானே உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஆடிப் பார்க்கிறேன். சரியான பதிலுக்கு எல்லா விளையாட்டும் நன்றாகத்தான் நடந்துகொள்ளும். தப்புக்கு என்ன செய்கிறது என்பதில்தான் ஆட்டத்தின் லட்சணம் தெரியும்.

ஜிகாம்ப்ரி 2000-இல் புரூனோ கூதுவான் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இப்போது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் கையில் இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து பத்து வயதுவரை என்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆட்டங்கள் இருப்பதால், முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து விட்டால் பிள்ளை குழம்பிப்போகும். சுட்டியை (மவுஸ்) நகர்த்தினால் கட்டங்கள் அழிந்து பின்னால் இருக்கும் படம் தெரியும் ஆட்டத்தில் தொடங்குங்கள். அடுத்தது கிளிக் செய்து அழிப்பது, அதற்கடுத்தது இரட்டைக் கிளிக். சுட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. பெரியவர்கள் சுட்டி சின்னக் கைக்கு அடங்காது, ரிச்சி தெருவில் குட்டிச் சுட்டி ஒன்று வாங்கிவிடுங்கள்.

ரயில் பெட்டிகளில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்க, குரல் சொல்லும் எழுத்தைத் தொடும் ஆட்டம் அவளுக்கு உயிர். இங்கேதான் ஓட்டையும் இருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று அழுத்திக்கொண்டே போனால் எப்படியும் சரியானது சிக்கிவிடும். எதிர்வீட்டுப் பையன் திரையைப் பார்க்காமலேயே நிலை தாண்டினான்! பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் இந்த ஆட்டம் பாடமாகும். எங்களுக்குப் பலன் வெளியே தெரிந்தது. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றபோது, நிலக்கரி வேகன் ஒவ்வொன்றாகப் போகப் போக “பி, ஓ, எக்ஸ், என்” என்று சத்தமாக வாசித்தாள். பின்னால் நின்ற ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு.

நீர்ச்சுழற்சி ஆட்டம் இன்னும் சுவாரசியம். மீன் பிடித்துவிட்டு வரும் பென்குவின் குளிக்க வேண்டும். சூரியன், மேகம், நீரேற்று நிலையம், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று ஒவ்வொன்றையும் தொட்டு இயக்கினால்தான் தண்ணீர் வரும். எல்லாம் முடிந்து பென்குவின் ஷவரில் நின்றதும் அவள் கேட்டாள்: “இன்னா நைனா, லாரியே காணோம்?” மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு ஓடும் ஆயாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு என்ன கேட்கும்? மழை புழல் ஏரிக்குப் போவது, வீட்டுச் சாக்கடை கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது என்று அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். பணம் எண்ணும் ஆட்டம் மட்டும் நமக்கு ஒட்டவில்லை, எல்லாம் யூரோ. பத்து ரூபாய் கொடுத்துப் பெட்டிக்கடையில் மீதி வாங்கி வரச் சொன்னதில் அந்தப் பாடம் முடிந்தது.

டக்ஸ் பெயின்ட் 2002-இல் வந்தது. இதில் தப்பு என்பதே கிடையாது, வரைவதுதான் வேலை. வானவில், செங்கல், புல் எல்லாம் மேஜிக் பொத்தானில் சத்தத்தோடு வரும். சேமிக்கும்போது கோப்புப் பெயர் கேட்காது, திறக்கும்போது படங்களைக் குட்டி குட்டியாகக் காட்டும். எழுதத் தெரியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று பயன்படுத்தினால்தான் புரியும். கரண்டு போனால் சேமிக்காத படமும் போச்சு. அதற்கு அவள் அழுத அழுகையில், இடையிடையே சேமிக்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது.

டக்ஸ் மேத்தில் மேலிருந்து விண்கற்கள் கணக்கோடு விழும், விடையைத் தட்டச்சு செய்து சுட வேண்டும், விட்டால் கீழே பென்குவினின் பனிவீடு உருகும். ரயில் ஆட்டத்தைப் போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் ஏமாற்று இதில் எடுபடாது. யூகேஜியில் இதைக் கொடுக்க வேண்டாம், கல் விழும் அவசரத்திலேயே மிரண்டுவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பாதியில், எண்ணை மட்டும் தட்டச்சு செய்யும் முதல் பயிற்சியில் ஆரம்பித்தோம். இப்போது கூட்டல் தண்ணி பட்ட பாடு. கழித்தலில் விரலை மடக்குகிறாள், அதற்குள் கல் வந்துவிடுகிறது.

நேரம்: இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது 2019-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். அவள் அந்த வயதைத் தாண்டியும் நாங்கள் அரை மணியில் சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறோம். செத்த பேட்டரிக்கு இப்படி ஒரு பயன்.

தமிழ் எழுத்துக்கு இந்த மூன்றில் எதையும் நான் நம்பவில்லை. அது சிலேட்டில் ஆயாவோடு நடக்கிறது.